பந்தியும் மானியமும்: தென்னாற்காட்டுச் சிறு சபைகள் ஊரோடு கலந்த கதை

விருத்தாசலத்திலிருந்து கிழக்கே கம்மாபுரம், சேத்தியாத்தோப்பு, புவனகிரி வழியாகப் பரங்கிப்பேட்டைக்குப் போகிறது ஒரு மாநில நெடுஞ்சாலை. மேற்கு முனையில் பீங்கான் சூளைகள். நடுவில் நெல்லும் கரும்பும், அவற்றைத் தொட்டாற்போல் நெய்வேலிச் சுரங்கத்தின் மண்மேடுகள். கிழக்கே வெள்ளாற்று முகத்துவாரம். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் கிறிஸ்தவர்கள் 6.12 சதவீதம். கன்னியாகுமரி, தூத்துக்குடிப் பக்கத்து ஊர்களைப் பார்த்துப் பழகியவருக்கு இந்தச் சாலையோரத்துச் சபைகள் கண்ணிலேயே படாமல் போகலாம். ஒரு சிறு கோயில், எப்போதாவது வந்து இராப்போஜனம் கொடுத்துவிட்டுப் போகும் ஐயர், மற்ற ஞாயிறுகளில் ஆராதனை நடத்தும் உபதேசியார், கூலிவேலையை நம்பிய சில குடும்பங்கள்: கிராமச் சபை என்பது பெரும்பாலும் இவ்வளவுதான்.

இத்தகைய சபை ஊருக்கு என்ன செய்தது என்று கேட்டால் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஞ்ச காலத்துக் கஞ்சித்தொட்டி என்று ஒரு பட்டியல் வரும். தவறில்லை, ஆனால் அந்தப் பட்டியல் பாதிக் கதையைத்தான் சொல்கிறது. பழைய தென்னாற்காடு மாவட்டத்தின் வரலாற்றைப் புரட்டினால் வேறு இரண்டு கேள்விகள் திரும்பத் திரும்ப எழுகின்றன. சபைக்குள்ளே யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள்? சபையின் செலவுக்குப் பணம் யார் கையிலிருந்து வருகிறது? ஒரு சபை ஊரோடு எந்த அளவுக்குக் கலக்கமுடியும் என்பதை இந்த இரண்டும், சபையார் தெருவில் கால் வைக்கும் முன்பே, தீர்மானித்துவிடுகின்றன என்பதே என் வாதம்.

கத்தோலிக்கரிடமிருந்து தொடங்கலாம். விருத்தாசலத்திலிருந்து உளுந்தூர்பேட்டை போகும் திசையில், மங்கலம்பேட்டைப் பக்கம் இருக்கிறது கோணான்குப்பம். வீரமாமுனிவர் என்று நாம் அறியும் இத்தாலிய சேசு சபைத் துறவி பெஸ்கி (1680இல் பிறந்தவர், 1710இல் இந்தியா வந்தவர்) இங்கே மாதாவுக்குக் கோயில் எழுப்பினார். அதற்குத் துணைநின்றவர் முகாசாபரூர் பாளையக்காரரான கச்சிராயர் என்கிறது ஊர் மரபு. பிள்ளைவரம் கிடைத்தது, புதரில் மாதா சுரூபம் கிடைத்தது என்றெல்லாம் அந்த மரபுக்கதை விரியும். கதையின் விவரங்களை விட்டுவிடலாம். அதன் நடுவில் கிறிஸ்தவரல்லாத ஓர் உள்ளூர்த் தலைவர் நிற்கிறார், அவர் குடும்பத்துக்குத் திருவிழாவில் மரியாதை உண்டு என்பதைக் கவனித்தால் போதும். மாதாவின் பெயர் பெரியநாயகி. விருத்தாசலம் பழமலைநாதர் கோயிலில் அம்மனுக்கும் அதே பெயர்தான். சுரூபத்தின் கோலமும் தமிழ்ப் பெண்ணின் கோலம். ஜனவரி 14 முதல் 23 வரை, பொங்கலை ஒட்டி நடக்கும் திருவிழாவுக்கு வரும் கூட்டத்தில் ஞானஸ்நானம் பெறாதவர்கள் ஏராளம்.

இது ஊரோடு கலப்பதில் ஒரு வகை. வருகிறவரிடம் சாதியையும் மதத்தையும் யாரும் கேட்பதில்லை. நேர்ச்சை செலுத்திவிட்டு அவர் பாட்டுக்கு ஊர் திரும்பலாம். யாரோடும் அவர் பந்தியில் உட்காரவேண்டிய கட்டாயம் இல்லை. இந்த வழியின் வலிமை அதுதான், பலவீனமும் அதுதான். கோணான்குப்பத்துக்கு அதிக தூரமில்லாத எறையூரில் 2008 மார்ச் 9 அன்று நடந்ததை நினைத்துப் பாருங்கள். தலித் கத்தோலிக்கர்கள் தங்களுக்கெனத் தனிப் பங்கு கேட்டார்கள். ஒரே ஆலயத்தில் வன்னியக் கிறிஸ்தவர்களோடு சரிசமமாக நடத்தப்படவில்லை, சவ ஊர்வலம் போகும் பாதை வரை பாகுபாடு இருக்கிறது என்பது அவர்கள் குறை. மோதல் முற்றிப் போலீஸ் சுட்டதில் இரண்டு பேர் இறந்தார்கள். இரு தரப்பும் ஞானஸ்நானம் பெற்றவர்கள், ஒரே மாதாவுக்குத் தேர் இழுப்பவர்கள். இந்தச் சச்சரவு புதிதும் அல்ல. புதுச்சேரிக் கோயிலுக்குள் சாதி பிரித்து நின்ற சுவரை இடித்ததையும் அதனால் எழுந்த கலகத்தையும் ஆனந்தரங்கப் பிள்ளை 1745லேயே நாட்குறிப்பில் பதிந்து வைத்திருக்கிறார்.

புராட்டஸ்டன்டுகள் இதே முடிச்சை வேறு முனையிலிருந்து பிடித்தார்கள். 1706இல் தரங்கம்பாடியில் சீகன்பால்கு இறங்கிய நாளிலிருந்து ஒரு நூற்றாண்டுக்கு மேலாக லுத்தரன் சபைகளில் வெள்ளாளர் ஒரு பக்கமும் ஒடுக்கப்பட்ட சாதியார் மறுபக்கமுமாகவே உட்கார்ந்தார்கள். இராப்போஜனப் பாத்திரம் முதலில் யார் வாய்க்குப் போவது என்பதற்கும் வரிசை இருந்தது. 1833இல் கல்கத்தாவின் ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு உடனே ஒழியவேண்டும் என்று சுற்றறிக்கை விட்டார். தஞ்சாவூரில் வேதநாயக சாஸ்திரியார் முதலானோர் அதற்குமுன்பே இருக்கை வழக்கத்துக்காக வாதாடிக்கொண்டிருந்தவர்கள். அறிக்கைக்குப் பின் பலர் வில்சனின் திருச்சபையைவிட்டு விலகினார்கள். 1840களில் தரங்கம்பாடி வந்த ஜெர்மானிய லைப்சிக் மிஷன் சாதி வழக்கத்தைச் சற்று மென்மையாகப் பார்த்ததால் விலகியவர்களில் கணிசமானோர் அங்கே போய்ச் சேர்ந்தார்கள்.

1850இல் மதராஸ் மிஷனரி மாநாடு ஒரு தீர்மானம் போட்டது. சாதியை விட்டதாக வாயால் சொன்னால் போதாது, அதைச் சாப்பிட்டுக் காட்டவேண்டும். எந்தச் சாதியார் சமைத்திருந்தாலும் அந்தச் சோற்றை எல்லோரோடும் சேர்ந்து உண்ணாதவருக்குச் சபையில் இடமில்லை. லைப்சிக் மிஷன் தவிர மற்றவர்கள் பெரும்பாலும் ஒத்துக்கொண்டார்கள். அந்தச் சமபந்தி எப்படி இருந்திருக்கும்? இலை போட்டாகிவிட்டது. யார் உலை வைத்தது என்று எல்லோருக்கும் தெரியும். கவளத்தை எடுப்பவர் கையை வெள்ளைக்கார ஐயர் பார்த்துக்கொண்டிருக்கிறார். விருந்தாகத் தொடங்கியது பரீட்சையாகிவிட்டது. சாதியை உடைக்கச் சோற்றைவிடச் சரியான இடம் தமிழ்நாட்டில் கிடையாது என்பதை அவர்கள் சரியாகவே கண்டுபிடித்தார்கள். ஆனால் பரீட்சை வைத்தவர்கள் தங்கள் சாப்பாட்டு மேசையை அதே கண்ணால் பார்க்கவில்லை. அறுபது ஆண்டு கழித்து, 1910 எடின்பரோ மாநாட்டில், திருநெல்வேலிச் சீமை வெள்ளாளன்விளையில் பிறந்த வே. ச. அசரியா அதைத்தான் சபை நடுவே எழுந்து கேட்டார். தர்மம் செய்கிறீர்கள், உழைக்கிறீர்கள், எங்களை நண்பர்களாக உங்களோடு உட்காரவைப்பதில்லையே என்பது அவர் பேச்சின் சாரம்.

இந்தச் சண்டைதான் கடலூர்ப் பக்கத்து லுத்தரன் சபைகளின் பிறப்புக்குக் காரணம். கார்ல் ஓக்ஸ் லைப்சிக் மிஷன்காரர். சாதி விஷயத்தில் தம் மிஷன் காட்டிய நெகிழ்வை ஏற்க மறுத்து வெளியேறினார். 1860களின் தொடக்கத்தில் பண்ருட்டிக்கும் கடலூருக்கும் இடைப்பட்ட மேல்பட்டாம்பாக்கத்தில் பெத்தானியா என்று பெயர் வைத்து ஒரு நிலையத்தைத் தொடங்கினார். டென்மார்க்கில் 1821இல் உருவான டேனிஷ் மிஷனரி சங்கம் சில ஆண்டுகளில் அவரைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. தரங்கம்பாடியை ஆங்கிலேயருக்கு 1845லேயே விற்றுவிட்ட நாட்டுக்கு, ஒரு சாதிச் சண்டையின் வழியாகத் தமிழ்நாட்டில் மறுபடி கால் ஊன்ற இடம் கிடைத்தது. திருக்கோவிலூர், திருவண்ணாமலை என்று நிலையங்கள் விரிந்தன. திருக்கோவிலூரில் ஆஸ்பத்திரியும் திருவண்ணாமலையில் பள்ளியும் டேனிஷ் மிஷன் என்ற பெயரோடே ஊர் வாயில் புழங்குகின்றன. இவற்றின் வாரிசு கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஆற்காடு லுத்தரன் திருச்சபை, மக்கள் பேச்சில் ஏ.எல்.சி.

சாதி விஷயத்தில் விட்டுக்கொடுக்காததற்கு டேனிஷ்காரர்கள் விலை கொடுத்தார்கள். ஹென்ரியெட்டே புக்கே என்ற வரலாற்றாய்வாளர் 1994இல் வெளிவந்த தம் நூலில், 1840 முதல் 1900 வரையான காலத்தை எடுத்துக்கொண்டு, இதே மாவட்டத்தில் பணிசெய்த டேனிஷ் லுத்தரன்களையும் பிரெஞ்சுக் கத்தோலிக்கர்களையும் அருகருகே வைத்துப் பார்க்கிறார். தாது வருஷப் பஞ்சத்தை ஒட்டிப் பாண்டிச்சேரிக் குருமாரிடம் பல்லாயிரக்கணக்கில் ஒடுக்கப்பட்டோர் போய்ச் சேர்ந்தார்கள். டேனிஷ்காரர்களிடம் எண்ணிக்கை மெல்லத்தான் ஏறியது. ஒவ்வொருவராக, மனமாற்றம் உண்மைதானா என்று சோதித்துச் சேர்ப்பவர்களிடம் கூட்டமாக வருகிறவர்கள் எப்படித் தங்குவார்கள்? எண்ணிக்கையை வைத்து ஓக்ஸைத் தோற்றவர் என்பார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். எறையூரில் 2008இல் வெடித்த கேள்வியை அவர் 1860களிலேயே கேட்டுவிட்டார்.

பந்திக் கேள்விக்கு இப்படியொரு பதிலாவது கிடைத்தது. பணக் கேள்வி வெகுகாலம் எழவே இல்லை. மிஷன் பள்ளிகள் சர்க்கார் மானியத்தில் நடந்தன. மானியம் வந்தால் சர்க்கார் பாடத்திட்டம், சர்க்கார் இன்ஸ்பெக்டர், சர்க்கார் பரீட்சை. ஊர்க்காரர் கண்ணுக்குக் கலெக்டர் துரையும் பாதிரியார் துரையும் ஒரே வீட்டுப் பங்காளிகள். முதல் உலகப்போருக்குப் பின், ஆங்கிலேயரல்லாத மிஷன்கள் அரசுக்கு எதிராக எதுவும் செய்வதில்லை என்று உறுதிமொழி எழுதித் தரவேண்டியிருந்தபோது இந்த உறவு எழுத்திலேயே வந்துவிட்டது. டேனிஷ் மிஷனுக்குள்ளிருந்து அதை முறித்தவர்கள் இரண்டு பெண்கள்.

ஆன் மரி பீட்டர்சன் 1878இல் பிறந்தவர், 1909இல் தமிழ்நாடு வந்தவர். பெண்கல்வியே அவர் வேலை. டென்மார்க்கின் கிருண்ட்விக் (1783–1872) என்ற பாதிரியார் வளர்த்த கருத்து அவரைப் பாதித்திருந்தது. ஒருவர் முதலில் தம் மண்ணின், தம் மொழியின் மனிதராக இருக்கவேண்டும், சமயம் அதன்மேல்தான் வேர்விடும் என்பது அந்தக் கருத்து. உழவர் பிள்ளைகளுக்குத் தாய்மொழியில், பரீட்சை பயமில்லாமல் கற்பித்த டென்மார்க்கின் மக்கள் உயர்பள்ளிகள் அதிலிருந்து முளைத்தவை. அந்தக் கண்ணோடு மிஷன் பள்ளிகளைப் பார்த்தவருக்கு ஆங்கிலப் பாடமும் மானியக் கணக்குமாக அவை உறுத்தியதில் வியப்பில்லை. 1917 ஜனவரியில், நாட்டிலுள்ள பள்ளிகளைப் பார்வையிடப் புறப்பட்ட பயணத்தில் அவரும், அதற்கு முந்தைய ஆண்டு வந்து சேர்ந்திருந்த இளம் மிஷனரி எஸ்தர் ஃபேரிங்கும் அகமதாபாத்தில், அப்போது கோச்ரப்பில் இருந்த காந்தியின் ஆசிரமத்துக்குப் போனார்கள். காந்தி தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பி இரண்டு ஆண்டுதான் ஆகியிருந்தது. சம்பாரண் சத்தியாகிரகம் இன்னும் நடக்கவில்லை.

அதன்பின் எஸ்தருக்குக் காந்தி எழுதிய கடிதங்கள் 1956இல் ‘மை டியர் சைல்ட்’ என்ற தொகுப்பாக நவஜீவன் வெளியீடாக வந்தன. காந்தியைப் பார்க்கப் போகக்கூடாது என்று மிஷன் அவருக்குத் தடை போட்டது. எஸ்தர் கடைசியில் மிஷனை விட்டார், ஈ. கே. மேனன் என்ற மருத்துவரை மணந்தார். ஆன் மரி எடுத்த முடிவு இன்னும் நீண்ட விளைவு கொண்டது. 1920இல் அவர் காந்திக்கு எழுதிய கடிதம் ‘யங் இந்தியா’வில் அச்சானது. மிஷன்கள் அரசோடு ஒட்டிக்கொண்டிருப்பதையும் மானியப் பள்ளிகளையும் அதில் வெளிப்படையாகவே குறைகூறினார். மிஷனிலிருந்து விலகினார். மானியம் வாங்காத, கிறிஸ்தவப் பெயரை மறைக்காத, தேசியக் கல்வி தரும் பெண்கள் பள்ளி ஒன்றைப் பரங்கிப்பேட்டையில் தொடங்குவது என்று தீர்மானித்தார். 1921 செப்டம்பரில் காந்தி வந்து அடிக்கல் நாட்டினார். அதே பயணத்தில் சில நாள் கழித்து, செப்டம்பர் 22 அன்று, மதுரையில் அவர் அரையாடைக்கு மாறினார். பரங்கிப்பேட்டைக்கு வந்தது முழு உடை உடுத்திய காந்தி.

பரங்கிப்பேட்டையைத் தேர்ந்தெடுத்ததும் கவனிக்கத்தக்கது. போர்ச்சுகீசியர் போர்ட்டோ நோவோ என்றும் முஸ்லிம்கள் மஹ்மூத் பந்தர் என்றும் அழைத்த பழைய துறைமுகம் அது. மரைக்காயர்களும் மீனவர்களும் வணிகச் செட்டிகளும் வாழ்ந்த அந்த ஊரில் கிறிஸ்தவர்கள் கூட்டமாக இல்லை. சபை இருக்கும் இடத்தில் பள்ளி என்பது மிஷன் வழக்கம். இவர் சபை இல்லாத இடத்தில் பள்ளி வைத்தார். சேவா மந்திர் என்று பெயர். தமிழ்வழிப் படிப்பு, இராட்டை, விடுதி வாழ்க்கை. பணம் டென்மார்க்கிலிருந்த நண்பர் வட்டத்திடமிருந்து வந்தது. வெளிநாட்டுப் பணம்தானே, சர்க்கார் பணத்தைவிட எந்த விதத்தில் மேல் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வித்தியாசம் இவ்வளவுதான்: அந்தப் பணத்தோடு இன்ஸ்பெக்டர் வரவில்லை, எத்தனை பேருக்கு ஞானஸ்நானம் கொடுத்தாய் என்று கேட்கும் மிஷன் செயலாளரும் வரவில்லை.

இதே ஆண்டுகளில் தமிழ்நாட்டின் மறுகோடியில் இன்னொரு தேசியப் பள்ளி இருந்தது. வ. வே. சு. ஐயர் 1922இல் தொடங்கிய சேரன்மாதேவி குருகுலம். அங்கே பிராமணப் பிள்ளைகள் இருவருக்குத் தனிச் சாப்பாடு என்ற செய்தி வெளிவந்து, காங்கிரஸ் தருவதாகச் சொன்ன பத்தாயிரத்தில் பாதியை ஈ. வெ. ராமசாமி நிறுத்திவைத்து, 1925இல் தமிழ்நாட்டு அரசியலே திசைமாறியது. குருகுலம் நிலைக்கவில்லை. தேசியம், தமிழ், அரசு மானிய மறுப்பு எல்லாம் இரண்டு பள்ளிகளுக்கும் பொது. ஒன்றை முறித்தது இரண்டு இலை. ஓக்ஸ் காலத்துப் பந்திச் சண்டையை ஏற்கெனவே போட்டு முடித்திருந்த சபையிலிருந்து வந்தவர் ஆன் மரி. அவர் பள்ளியில் அந்தக் கேள்வி மறுபடி எழத் தேவையிருக்கவில்லை. 1920, 21இல் நாடெங்கும் முளைத்த தேசியப் பள்ளிகளில் பெரும்பாலானவை ஒத்துழையாமை அலை அடங்கியதும் மூடப்பட்டன. சேவா மந்திர் ஊன்றி நின்றது, இப்போது பெண்கள் மேல்நிலைப்பள்ளி. ஆன் மரி 1951இல் பரங்கிப்பேட்டையிலேயே இறந்தார்.

கம்மாபுரம் வட்டாரச் சபைகளுக்கு இன்று இந்த வரலாறு எப்படிப் பொருந்தும்? முதலில் எண்ணிக்கை. 1950இன் ஜனாதிபதி ஆணைப்படி கிறிஸ்தவரான தலித்துக்குப் பட்டியல் சாதிச் சலுகை கிடையாது. தமிழ்நாட்டில் அவர் பிற்படுத்தப்பட்டவர் பட்டியலில்தான் வருவார். ஆணை 1956இல் சீக்கியருக்காகவும் 1990இல் பௌத்தருக்காகவும் திருத்தப்பட்டது. கிறிஸ்தவருக்குத் திருத்தப்படவில்லை. சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்த சூசை தொடுத்த வழக்கில் 1985இல் உச்சநீதிமன்றம் கைவிரித்தது. 2022இல் நியமிக்கப்பட்ட கே. ஜி. பாலகிருஷ்ணன் ஆணையம் இதே கேள்வியைத்தான் ஆராய வந்தது. ஆகவே கிராமச் சபையில் ஞாயிறு வருகைக்கும் சான்றிதழ்க் கணக்குக்கும் எப்போதும் இடைவெளி உண்டு. மகனின் கல்லூரி இடத்துக்காக ஞானஸ்நானத்தைத் தள்ளிப்போடும் தாயைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. சபைக்கு உள்ளே, வெளியே என்று கோடு கிழிப்பதே இங்கே கடினம். ஊரோடு கலப்பது என்பது பல வீடுகளில் அடுப்படியிலேயே நடந்துகொண்டிருக்கிறது.

அடுப்படி என்றதும் பிடியரிசி ஞாபகம் வருகிறது. உலையில் அரிசி போடும்போதெல்லாம் ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போட்டுவைப்பது, அதைச் சபைக்குக் கொடுப்பது: தமிழ்க் கிறிஸ்தவப் பெண்களின் பழைய வழக்கம். அறுப்பின் பண்டிகையில் பூசணிக்காயும் சேவலும் வாழைத்தாரும் கோயில் வாசலில் ஏலம் போகும். பக்கத்துத் தெருக்காரரும் நின்று கேட்பார். முட்டைக்கு நூறு ரூபாய் கேட்டு எடுத்தவர் அதையே மறுபடி ஏலத்துக்குக் கொடுப்பதும் உண்டு. 2020இல் வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் இறுக்கப்பட்டு, வெளிநாட்டுப் பணம் எல்லாம் டெல்லி ஸ்டேட் பாங்கின் ஒரே கிளை வழியாகத்தான் வரவேண்டும் என்றானபின், சிறு சபைகளின் கணக்குப் புத்தகத்தில் இந்தப் பிடியரிசிக்கும் ஏலத்துக்கும் கனம் கூடியிருக்கிறது. வசதிக் குறைவுதான். ஆனாலும் ஆன் மரி கேட்ட கேள்விக்கு, அவரே தராத பதில் இது. பணம் ஊரிலிருந்தே வருகிறது.

மே மாதம் விடுமுறை வேதாகமப் பள்ளி நடக்கும். எல்லா வீட்டுப் பிள்ளைகளும் வரும், பாட்டும் ஆட்டமும் பிஸ்கட்டும் உண்டு. டிசம்பரில் கீதபவனி தெருத்தெருவாகப் போகும். இதெல்லாம் சுமுகமாக நடக்கிற காலமும் உண்டு, போலீசில் மனு போகிற காலமும் உண்டு. 2002இல் கொண்டுவரப்பட்ட கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் 2004இல் விலக்கப்பட்டது என்றாலும் அது விட்டுச்சென்ற சந்தேகம் விலகவில்லை. பெரிய சபைக்கு வக்கீல் இருக்கிறார், பேராயர் இருக்கிறார். சிறு சபைக்கு ஊர்க்காரரின் நல்லெண்ணம் மட்டுமே பாதுகாப்பு.

பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் இன்று அரசு இருக்கிறது. இந்த வட்டாரத்தின் பெரிய சங்கடம் நிலம். 2023 ஜூலையில் சேத்தியாத்தோப்பு அருகே வளையமாதேவியில், கதிர் விடும் பருவத்து நெற்பயிரின் ஊடாக நெய்வேலிச் சுரங்க நிறுவனத்தின் கால்வாய்க்காக இயந்திரங்கள் இறங்கியதைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். நிலம் கொடுத்தவருக்கு இழப்பீட்டுக் கணக்கு இருக்கிறது, கூட்டிக் கேட்கக் கட்சிகளும் இருக்கின்றன. அதே வயலில் நடவுக்கும் களைக்கும் இறங்கியவருக்குப் பட்டா இல்லை, ஆகவே அந்தக் கணக்கில் பெயரும் இல்லை. இந்தப் பக்கத்துச் சிறு சபைகளின் ஆட்கள் பெரும்பாலும் அந்த இரண்டாவது வகை. வேலை போனவர்களில் கிறிஸ்தவர் யார், அல்லாதவர் யார் என்று பிரிக்காமல் ஒரே பட்டியலாக எழுதி, தாசில்தார் முன் வைக்கச் சபையின் கையெழுத்து போதுமா, ஊர்க்கூட்டமும் சேர்ந்து போடவேண்டுமா, அந்தக் கூட்டத்தில் சேரித்தெரு ஆட்களுக்கு நாற்காலி போடுவார்களா என்பதைத்தான் உபதேசியார் முதலில் விசாரித்தாகவேண்டும்.